நுவரெலியாவில் வேனை எங்கே விடுவது?



சித்திரை விடுமுறையில் நாங்கள் நான்கு ஆசிரியர் குடும்பங்கள் சேர்ந்து நுவரெலியா போய் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். படங்களைப் போட்ட நாளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. "எந்தப் பாதையால போனீங்க?", "வேன எங்க விட்டீங்க?", "அங்க சுத்திப் பார்க்க ஓட்டோ பிடிக்கணுமா?", "ஒரு நாள்ல போய்ட்டு வரலாமா?" ஆகஸ்ட் விடுமுறைக்கு இப்போதே ஆள் சேர்க்கிறவர்களும் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி முடியாததால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். மலைக்குப் போகிறவர்கள் மட்டுமல்ல, போகாதவர்களும் கடைசிவரை வாசியுங்கள். கடைசிப் பகுதி நம் ஊரைப் பற்றியது.

முதலில் பாதை.

பாலையூற்றிலிருந்து நுவரெலியா ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி. அங்கிருந்து பேராதனை, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை, பிறகு நுவரெலியா. தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடக் கூடாது. கண்டி வரைக்கும் உள்ள தூரம் நமக்குப் பழகிய பாதைதான். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். இடையில் உள்ள 1,300 மீற்றருக்கு மேற்பட்ட ஏற்றம் முழுவதும் கடைசி 77 கிலோமீற்றருக்குள் வருகிறது. அதிலும் பெரும்பகுதி கம்பளையைத் தாண்டிய பிறகுதான். கடல்மட்டத்தில் பிறந்து, கடல்மட்டத்தில் வாகனம் பழகிய நமக்கு அது வேறு உலகம்.

ரயிலிலும் போகலாம். திருகோணமலை ரயிலில் ஏறி பொல்கஹவலையில் இறங்கி, மலைநாட்டு ரயிலுக்கு மாறி நானுஓயாவில் இறங்க வேண்டும். நுவரெலியா நகரத்துக்குள் ரயில் நிலையம் இல்லை. நானுஓயாவிலிருந்து நகரத்துக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர். பஸ்ஸும் உண்டு, ஓட்டோவும் உண்டு. கைக்குழந்தைகளும் முழங்கால் வலியுள்ள உம்மாமாரும் எங்களோடு இருந்ததால் நாங்கள் இரண்டு வேன் பிடித்தோம். இளம் பிள்ளைகள் போவதென்றால் ரயிலைத்தான் சொல்வோம். வாகனத்தை எங்கே விடுவது என்ற தலைவலியே இருக்காது.

இனி எங்கள் பயணத்தில் பலரும் குறை சொன்ன விஷயம். "இஷாத் தொழுதுட்டு புறப்பட்டா சுபஹுக்கு அங்க. பகல் முழுக்கப் பார்த்துட்டு இரவோட இரவா திரும்பலாம். ரூம் செலவு மிச்சம். நீங்க ஏன் ரெண்டு இரவு தங்கினீங்க?" என்று கேட்டார்கள். நம் ஊரில் சுற்றுலா என்றாலே இந்தக் கணக்குத்தான். நாங்கள் அதை ஏற்கவில்லை. சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். தம்புள்ளையில் காலைச் சாப்பாடு. ளுஹரையும் அஸரையும் வழியில் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். மஃரிபுக்கு முன் அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். வேன் ஓட்டிய இரண்டு தம்பிமாருக்கும் தனி அறை எடுத்தோம்.

அந்தத் தனி அறையைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. "டிரைவருக்கு என்னத்துக்கு ரூம்? வேன்லயே படுப்பாங்க" என்றார் ஒருவர். படுப்பார்கள்தான். நுவரெலியாவில் இரவு நடக்கப் போனபோது நாங்களே பார்த்தோம். வாவிக்கரையிலும் குதிரைப் பந்தயத் திடலின் ஓரத்திலும் வரிசையாக நின்ற வேன்களிலும் பஸ்களிலும் கண்ணாடிகளுக்குத் துவாயைக் கட்டிக்கொண்டு சாரதிமார் சுருண்டு கிடந்தார்கள். நம் ஊர் உடம்புக்கு அந்தக் குளிர் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். விடியவிடிய நடுங்கிய ஒரு மனிதனின் கையில்தான் அடுத்த நாள் நம் பிள்ளைகளைக் கொடுத்து இறம்பொடை வளைவுகளில் இறக்கச் சொல்கிறோம். எங்கள் வேன் ஓட்டிய தம்பிமாரில் ஒருவர் நம் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. இரண்டாம் நாள் காலை, "சேர், ட்ரிப் போன இடத்துல கட்டில்ல படுத்தது இதுதான் முதல் தரம்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் திரும்பி வந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. 2025 மே 11 அதிகாலையில் கதிர்காமத்திலிருந்து குருணாகல் நோக்கிப் போன பஸ் கொத்மலை, கரண்டி எல்லயில் பள்ளத்தில் விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நாங்கள் ஏறி இறங்கிய அதே வீதி. செய்தியைப் பார்த்தபோது எங்கள் வீடுகளில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அந்த விபத்துக்குக் காரணம் என்ன என்பது விசாரணை செய்கிறவர்கள் சொல்ல வேண்டியது. நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். இரவு முழுக்க ஓடும் பயணத்தில் மிச்சம் பிடிக்கிற அறைக் காசு மிச்சமே அல்ல. நான்கு குடும்பங்களுக்கும் பிரித்தால் அந்த ஓர் அறைக்கு ஆளுக்கு எவ்வளவு வந்தது தெரியுமா? பிள்ளைகளுக்கு வாவிக்கரையில் வாங்கிக் கொடுத்த சோளத்துக்குச் செலவானதை விடக் கொஞ்சம்தான் கூட.

சொந்த வாகனத்தில் போகிறவர்களுக்கு எங்கள் தம்பி சொல்லித் தந்த சில விஷயங்கள்:

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக் கூடாது. ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறி, கருகிய வாடை வரும். அந்த வாடை வந்தால் அகலமான ஓர் இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். ஆறாமல் ஓடினால் மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். ஓட்டோமெற்றிக் வாகனம் என்றாலும் 'டி'யில் விட்டுவிட்டு உருட்டிக்கொண்டு வராதீர்கள். அதிலும் 'எல்' அல்லது '2' என்று குறைந்த கியர் இருக்கும். அது இதற்குத்தான்.

ஒடுங்கிய இடத்தில் ஏறி வருகிற வாகனத்துக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும். ஏறும் வாகனம் நின்றால் மறுபடி எடுப்பது கஷ்டம். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும். அப்போது பெரிய லைட்டைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். சின்ன லைட்டில் மெதுவாகப் போக வேண்டும்.

சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் மட்டும் போதாது. ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதலாம் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். இறக்கத்தில் முன் சில்லை வீதியோரக் கட்டின் பக்கம் திருப்பி வையுங்கள். பின் சில்லுக்கு ஒரு கல்லும் வையுங்கள். புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வாருங்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானில் ஒரு பங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நாமே அதைப் போட்டுவிட்டு வரலாமா?

இனி நகரத்துக்குள்.

ஏப்ரலில் நுவரெலியாவுக்கு 'சீசன்' காலம். பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார்ப் பந்தயம் என்று நாடே அங்கே போகிறது. நகரமோ மலைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கிண்ணம். ஒரு பக்கம் 2,524 மீற்றர் உயரத்தில் நாட்டின் மிக உயரமான பிதுருதலாகலை. வெள்ளைக்காரர் காலத்தில் சில நூறு பேர் குளிர் காய்ந்துவிட்டுப் போவதற்காகப் போட்ட பாதைகள். கிரகரி வாவி ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் 1873இல் உண்டாக்கியது. அந்தச் சிவப்புச் செங்கல் தபால் நிலையம் 1894இல் கட்டியது. குதிரை வண்டிக்குப் போட்ட அளவில் இப்போது ஹயஸ் வேனும் கோஸ்டரும் சொகுசு பஸ்ஸும் நிற்கின்றன. வாவியை ஒட்டிப் போவதோ பதுளைக்குப் போகும் பிரதான வீதி. சுற்றிப் பார்க்க வந்தவர் வண்டியும், ஊர்க்காரர் பஸ்ஸும், மரக்கறி லொறியும் எல்லாம் அந்த ஒரே வீதியில்தான்.

தரிப்பிடக் கட்டணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காலை எட்டு மணிக்கு ஒரு விலை, பதினொரு மணிக்கு அதே இடத்தில் இரண்டு மடங்கு. சில இடங்களில் அச்சடித்த ரசீது கொடுத்தார்கள். சில இடங்களில் ஒரு பொடியன் கையை நீட்டினான், ரசீது கேட்டதும் காணாமல் போனான். நாங்கள் செய்தது இதுதான். தங்கிய இடத்தின் முற்றத்தில் இரண்டு வேனையும் முதல் நாள் மாலை விட்டவர்கள், நகரத்துக்குள் அவற்றை எடுக்கவே இல்லை. அறை பிடிக்கும்போதே, "இரண்டு வேன் நிற்க இடம் இருக்கா? உள்ளேயா, வெளியேயா?" என்று கேட்டு, படம் அனுப்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டோம். குளிர்நீரா சுடுநீரா என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

நகரம் சின்னது. தபால் நிலையம், விக்டோரியா பூங்கா, சந்தை, பந்தயத் திடல், வாவி எல்லாம் நடக்கக்கூடிய தூரம்தான். நடக்க முடியாத பெரியவர்களுக்கு மட்டும் ஓட்டோ பிடித்தோம். ஏறும் முன் விலை பேசிக்கொண்டோம். ஹக்கலைப் பூங்காவுக்கு வெலிமடை, பதுளைப் பக்கம் போகும் பஸ்ஸில் போனோம். ஏறத்தாழ 10 கிலோமீற்றர். சீதையம்மன் கோயிலும் அதே வழியில்தான். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த தோட்டத்து அக்கா, எங்கள் பிள்ளைகள் நடுங்குவதைப் பார்த்துத் தன் சால்வையைக் கழற்றிப் போர்த்தினார். வேனில் போயிருந்தால் அந்த அக்காவை நாங்கள் கண்டிருக்க மாட்டோம்.

சின்ன மகன் ஒருவருக்கு மட்டும் ஒரு குறை. படத்தில் பார்த்த மாதிரி வெள்ளைப் பனி கொட்டிக் கிடக்கும், அதில் சறுக்கலாம் என்று நினைத்து வந்திருக்கிறார். இங்கே தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி பூக்குமே தவிர, பனிமழை கிடையாது என்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் மாலை நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

வாவிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். வீதியின் இரண்டு பக்கமும் வாகனங்கள். ஒரு பக்கத்தில் இரண்டாவது வரிசையும் நின்றது. அதற்குள் ஓர் ஓட்டோ விடாமல் ஹோன் அடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டது. பின்னால் ஒரு வயதான அம்மா மகளின் மடியில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். எங்கள் ஆண்கள் ஓடினார்கள். வேறு ஊர்ப் பொடியன்களும் சேர்ந்தார்கள். சிங்களத்தில் தெரிந்தவர் சிங்களத்தில், தெரியாதவர் கையால் சைகை காட்டி ஒவ்வொரு வாகனமாக நகர்த்தினோம். இரண்டாவது வரிசையில் நின்ற ஒரு காரின் உரிமையாளர் படகில் ஏறி வாவிக்குள் போயிருந்தார். பூட்டிய காரை என்ன செய்வது? கடைசியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓட்டோவையே பின்பக்கம் தூக்கி வளைத்து, நடைபாதையின் மேல் ஏற்றி வழி எடுத்துக் கொடுத்தோம். சில நூறு மீற்றரைக் கடக்க இருபது நிமிடத்துக்கு மேல் போனது. அந்த அம்மாவுக்குப் பிறகு என்னவானது என்று எங்களுக்குத் தெரியாது. அன்றிரவு எங்கள் துஆவில் அவர் இருந்தார்.

பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் எங்களுக்குப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டே சொன்னார்: "சீசன் முடியுற வரைக்கும் எங்க ஆளுகளுக்கு வருத்தம் வரக் கூடாதுங்க சேர்." கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். அதுதான் எங்களை வருத்தியது. அவருடைய வருடச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு அந்த ஒரு மாதத்தில்தான் வருகிறது. அவருக்கு நாம் வரவும் வேண்டும், அவருடைய தாய் ஆஸ்பத்திரிக்குப் போக வழியும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று ஓர் ஊரிடம் சொல்வது நியாயமா?

இரண்டும் முடியும் என்று காட்டிய ஊர்கள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் செர்மாட் என்றொரு மலை ஊர். மகன் எதிர்பார்த்த பனிச்சறுக்கு ஊர் அதுதான். அங்கே பெற்றோல், டீசல் கார்கள் ஊருக்குள் வர முடியாது. ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்குக் கீழே டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு, 12 நிமிட ரயிலில் மேலே போக வேண்டும். ஊருக்குள் நடை, மின்சார டாக்சி, குதிரை வண்டி. அதனால் அந்த ஊர் வெறிச்சோடிப் போகவில்லை, உலகமே போகிறது. அவ்வளவு தூரம் வேண்டாம், தமிழ்நாட்டைப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டார்கள். ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரச பஸ்களுக்கும் அந்தத் தடை இருக்கவில்லை. அதாவது ஊர்க்காரருக்கும் பஸ்ஸில் வருகிறவருக்கும் முதலிடம், தனி வாகனத்தில் வருகிறவர் வரிசையில். நுவரெலியாவிலும் நானுஓயாப் பக்கம் ஒரு பெரிய தரிப்பிடமும், அங்கிருந்து கால் மணிக்கொரு பஸ்ஸும் இருந்தால் அந்த அம்மா மாட்டியிருக்க மாட்டார் என்பது எங்கள் எண்ணம்.

இப்போது நம் ஊர்.

நுவரெலியாவின் சீசன் முடிந்துவிட்டது. நம் சீசன் தொடங்கிவிட்டது. மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும் நம் கடல் அமைதி. நிலாவெளி, உப்புவெளி, மார்பிள் பீச், கன்னியா வெந்நீரூற்று, கோணேசர் கோயில் என்று நாடே இங்கே வருகிறது. நீண்ட விடுமுறை வந்தால் கண்டி வீதியைப் பாருங்கள். கோயிலுக்குப் போகும் வாகனமும் வரும் வாகனமும் போர்த்துக்கேயர் 1624இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டையின் ஒரே வாசலில் நெருக்கி நிற்கின்றன. உப்புவெளி ஒழுங்கைகளில் வேன் நின்றால் மீன் பெட்டி கொண்டு வரும் சைக்கிளுக்கும் இடமில்லை. அங்கே நாங்கள் விருந்தாளிகள். இங்கே நாங்கள்தான் அந்தத் தேநீர்க் கடைக்காரர்.

விருந்தாளிகளை மட்டும் சொல்லி முடிக்க முடியாது. பாடசாலை தொடங்கியதும் ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். உங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை வரையுங்கள், எங்கே, எந்த நாளில் வாகனம் மாட்டும் என்று சிவப்பு மையால் குறியுங்கள் என்றோம். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் முன்னால். திருவிழா நாளில் தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் முன்னால். மாலையில் டியூஷன் வகுப்பு ஒழுங்கை. கல்யாண மண்டபம். வெளியூர்க்காரர் நிறுத்தும் இடங்களை விட நம்மவர் நிறுத்தும் இடங்களில்தான் சிவப்பு மை கூட இருந்தது. ஒரு பிள்ளை தன் வீட்டுக் கேற்றுக்கு முன்னால் சிவப்புப் புள்ளி வைத்து, "மூத்தம்மாவுக்கு ஏலாத நாள் வெள்ளிக்கிழமையா இருந்தா?" என்று எழுதியிருந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறோம்.

ஆகவே உறவுகளே, பெரிய திட்டங்கள் வரட்டும், சபைகள் செய்யட்டும். நாம் இன்றே செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

ஜும்ஆவுக்கு நடந்து வரக்கூடியவர்கள் நடந்து வாருங்கள். வாகனம் கொண்டு வந்தால் வீதியின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு வரிசையில் மட்டும். யாருடைய கேற்றையும் மறைக்க வேண்டாம். மறைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் தொலைபேசி இலக்கத்தைக் கண்ணாடியில் வைத்துவிட்டுப் போங்கள். நீண்ட விடுமுறை நாட்களில் பள்ளிக்கூட மைதானங்களை அனுமதி பெற்றுத் தரிப்பிடமாகத் திறக்கலாம். பழைய மாணவர்கள் நிர்வகிக்கலாம். விலையைப் பலகையில் எழுதி, காலையிலும் மாலையிலும் அதே விலை, கையில் ரசீது. வெளியூர்ச் சாரதிமாருக்கு ஒரு கழிப்பறை, கை கால் கழுவத் தண்ணீர், நிழலில் ஒரு பாய். நம் தம்பிமார் நுவரெலியாவில் நடுங்கிக் கிடப்பது போல, யாரோ ஒரு கம்பளைத் தம்பி இங்கே நிலாவெளி வெயிலில் வேனுக்குள் வெந்துகொண்டிருக்கிறார்.

ஆகஸ்டில் மலைக்குப் போகிறவர்களே, சுபஹுக்குப் பிறகு புறப்படுங்கள். டிரைவருக்குக் கட்டில் கொடுங்கள். வேனை அறையில் விட்டுவிட்டு நடந்து சுற்றுங்கள். வழி விபரம் வேண்டுமென்றால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறோம்.

இந்த வெள்ளிக்கிழமை நாங்கள் நான்கைந்து ஆசிரியர்கள் ஜும்ஆவுக்கு அரை மணி நேரம் முன்பாகவே வந்து வீதியில் நிற்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். ஒரு பக்கம் முழுவதும் வெறுமையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூட நிற்க நேரமுள்ளவர்கள் வாருங்கள். நிற்க முடியாதவர்கள் நடந்து வாருங்கள், அதுவே போதும்.